127ஆம் நெடுஞ்சாலையில் பழைய கராஜ் டிராயர்கள்

ஆகஸ்ட் 7, வியாழன்: ஹட்சன், பிரையன், வான் வெர்ட்

மிச்சிகனின் தெற்கு ஓரத்தில் அடிசன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆரம்பித்து ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா வழியாக அலபாமாவின் காட்ஸ்டன் வரை, 690 மைலுக்குச் சாலையோரமெல்லாம் பழைய சாமான் விற்பனை. கடை என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டு வாசல், தானியக் கொட்டகை, சர்ச் மைதானம், சோளக்காட்டு வரப்பு என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே மேசையைப் போட்டு, தாத்தா காலத்துப் பொருளைப் பரப்பி வைத்திருப்பார்கள். ஆகஸ்டின் முதல் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நடக்கும். கடைசி வரை போகிற உத்தேசம் எங்களுக்கு இல்லை. வேன் நிறைந்தால் திரும்பிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

நான் தேடிப் போனது ஒரே வகைச் சாமான். பழைய கார் பட்டறைகளில் சுவரோரம் நிற்குமே, சின்னச் சின்ன டிராயர் வைத்த இரும்புப் பெட்டி. ஸ்பார்க் பிளக்குக்கு ஒன்று, ஃபியூஸுக்கு ஒன்று, பல்புக்கு ஒன்று, வாஷருக்கும் காட்டர் பின்னுக்கும் ஒன்று. முகப்பில் உதிரிபாகக் கம்பெனியின் பெயர் பளிச்சென்று இருக்கும். இந்த அளவு சரக்கு எடுத்தால் பெட்டி இலவசம், அல்லது சொற்ப விலை. நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு கோலா கம்பெனி ஃப்ரிட்ஜ் கொடுக்கிற கதைதான். ஆகவே முகப்பில் பெயர் இருக்கிற கம்பெனி பெட்டியைச் செய்திருக்காது. தகடு மடித்தவன் வேறு யாரோ. எந்த வருஷம் மடித்தான் என்பதும் எங்கேயும் எழுதியிருக்காது. அதைக் கண்டுபிடிப்பதில்தான் எனக்குப் பித்து.

கூட வந்தவர் என் மனைவியின் அண்ணன். கோவை கணபதியில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். தங்கையைப் பார்க்க வந்தவரை நயாகராவுக்குக் கூட்டிப் போனோம், "தண்ணி நல்லா விழுகுதுங்க" என்றதோடு சரி. ஒரு நாள் என் கராஜுக்குள் வந்து டிராயர்களை இழுத்து இழுத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஆள் வெளியே வரவில்லை. சரி, இவரைத்தான் கூட்டிப் போக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

எட்டு மணிக்கே ஹட்சனில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதல் வாசலிலேயே ஒரு ஃபியூஸ் பெட்டி கிடைத்தது. உள்ளங்கை அகலத் தகர டப்பா, செயின்ட் லூயிஸ் பஸ்மன் கம்பெனியுடையது. 15 டாலர். மூடியின் உள்பக்கம் பொடி எழுத்தில் ‘மெக்ரா-எடிசன்’ என்று இருந்தது. அந்தப் பெயரில் கம்பெனி உண்டானதே 1957இல். ஆக, விற்றவர் சொன்ன மாதிரி அது "போருக்கு முந்தையது" இல்லை. அவரிடம் இதைச் சொல்லவில்லை. 15 டாலருக்கு நியாயம் பேசி என்ன செய்யப்போகிறோம்?

பிரையனில் லெமனேடு. எலுமிச்சையை நம் கண்முன்னே பிழிந்து, தோலையும் உள்ளேயே போட்டு, ஐஸோடு குலுக்கித் தருகிறார்கள். 6 டாலர். சர்க்கரையைப் பார்த்து மச்சான் பயந்துவிட்டார். டம்டம் என்ற குச்சி மிட்டாய் இந்த ஊரில்தான் தயாராகிறது. எங்கே நின்றாலும் யாராவது ஒரு குழந்தை அதை நீட்டிவிடுகிறது. மதியத்துக்குள் மச்சானின் சட்டைப் பையில் ஏழெட்டு சேர்ந்துவிட்டன.

பால்டிங் தாண்டினால் நிலம் தட்டையாகிவிடுகிறது. சோளம், சோயா, அவற்றின் மேலே வரிசையாகக் காற்றாலைகள். "நம்ம பல்லடம் பக்கம் மாதிரியே இருக்குதுங்" என்றார். அங்கே ஒரு கொட்டகையில்தான் முதல் நல்ல பெட்டி. 24 டிராயர், கரும்பச்சை பெயிண்ட், வாஷர், காட்டர் பின் வகையறா. முகப்பு லேபிளில் கம்பெனி முகவரி ‘சின்சினாட்டி 2, ஒஹாயோ’ என்று முடிந்தது.

அந்த ‘2’ இருக்கிறதே, பெட்டி சேர்ப்பவனுக்கு அதுதான் முதல் துப்பு. 1943இல் அமெரிக்கத் தபால் துறை பெரிய நகரங்களை எண் போட்ட மண்டலங்களாகப் பிரித்தது. 1963 ஜூலையில் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்ததும் இந்த எண்கள் போய்விட்டன. எனவே ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் இருந்தால் லேபிள் 1943க்கும் 1963க்கும் நடுவில் அச்சானது என்று தைரியமாகச் சொல்லலாம். ஜிப் கோடு வந்த பிறகும் பழைய லேபிள் கட்டு தீர்கிற வரை ஒட்டியிருப்பார்கள், அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

நான் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். மச்சான் டிராயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இந்த நாலு டிராயரும் இந்தப் பெட்டியோட பொறந்ததில்லீங்."

"எப்படிச் சொல்றீங்க மச்சான்?"

"சத்தத்தைக் கேளுங்க. மத்ததெல்லாம் இருபது கேஜ், இது இருபத்திரண்டு. ஓரத்தை மடிச்ச டையும் வேற. ஸ்பாட் வெல்டிங் இடைவெளியைப் பாருங்க, அங்க மூணு புள்ளி, இங்க ரெண்டு."

கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு என்று அர்த்தம். மடித்த ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. 120 டாலர் சொன்ன பெரியவரிடம் அந்த நாலு டிராயரைக் காட்டினேன். "அட, எனக்கே தெரியாதே!" என்று சிரித்துவிட்டு 85க்குக் கொடுத்தார். மச்சானிடம் ஏதாவது வேலை வேண்டுமா என்றும் கேட்டார்.

வான் வெர்ட்டில் நின்றதற்குக் காரணம் கென்னடி. பிரவுன் நிறத்தில், சுருக்கம் விழுந்த தோல் போன்ற பெயிண்ட் அடித்த மெஷினிஸ்ட் பெட்டிகளுக்குப் பேர்போன, 1911இல் தொடங்கிய கம்பெனி. இந்த ஊர்தான் அதற்குச் சொந்த ஊர். அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த முதல் கார் சாலையான லிங்கன் நெடுஞ்சாலையும் இந்த ஊர் வழியாகத்தான் போனது. அந்தப் பாதை நெடுகக் கராஜ்கள் முளைத்த காலம் ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்து இங்கே தெருவுக்குத் தெரு டூல் பாக்ஸ். விலையும் அதற்கேற்ப: ஏழு டிராயர் கென்னடி 250. பார்த்ததோடு சரி.

ராத்திரி ஒரு கஷ்டம். இரண்டு மாதத்துக்கு முன்பே பதிவு செய்திருந்த விடுதியில் "உங்கள் பெயரே இல்லை" என்றார்கள். கையில் இருந்த ரசீதைக் காட்டியதும் இருக்கிறது, ஆனால் அறை இல்லை என்றார்கள். இந்த வாரத்தில் 127இல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. நாற்பது நிமிஷம் தள்ளி, ஒரு குஜராத்திக் குடும்பம் நடத்துகிற சின்ன மோட்டலில் இடம் கிடைத்தது. பத்தரை மணிக்கு அந்த அம்மா இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தார். எங்களிடம் இருந்த புளியோதரையில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி: செலினா, கிரீன்வில்

காலையில் செலினாவில் ஏரிக்கரை ஓரமாகக் கடைகள். பெட்டி என்று ஒன்றும் தேறவில்லை. மச்சான் ஒரு வெர்னியர் காலிப்பரை 8 டாலருக்கு வாங்கிக்கொண்டு நாள் முழுக்க அதையே துடைத்துக்கொண்டிருந்தார்.

கிரீன்வில் போகும் வழியில் பல்பு பெட்டி ஒன்று. மேலே சாய்வான கண்ணாடி, உள்ளே குழிகுழியாக அறை, ஒவ்வொரு அறைக்கும் எண். இந்த எண்கள் லேபிளைவிடப் பெரிய துப்பு. பின்பக்க பிரேக் விளக்குக்கு 6 வோல்ட் காலத்தில் 1154ஆம் எண் பல்பு. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறிய பிறகு 1157. இந்தப் பெட்டியில் 1154க்கு மூன்று அறை, 1157க்கு ஒரே அறை, அதிலும் எண் வேறு மையில் அச்சான சின்னச் சீட்டாக ஒட்டப்பட்டிருந்தது. 6 வோல்ட் காலத்துப் பெட்டிக்குள் 12 வோல்ட் நுழைந்த சமயத்தை அப்படியே பார்க்கிற மாதிரி இருந்தது. விலை 140 டாலர், கறார். மூலைக் கண்ணாடி விரிசல் வேறு. வாங்கவில்லை. இப்போது எழுதும்போது மனசு அடித்துக்கொள்கிறது.

மதியம் கிரீன்வில்லில் ஒரு சாண்ட்விச் கடை. உதிர்த்த மாட்டுக்கறியைப் பன்னில் வைத்துத் தருவார்கள். மேட்-ரைட் என்று பெயர், ஊரே க்யூவில் நிற்கிறது. அதைவிட ஆச்சரியம் கடையின் வெளிச் செங்கல் சுவர். போகிற வருகிறவர்கள் மென்ற சூயிங்கத்தை அதில் அப்பிவிட்டுப் போவது பல வருஷத்து வழக்கமாம். சிவப்பு, பச்சை, வெள்ளை என்று அப்பி அப்பிச் சுவரே தெரியவில்லை. மச்சான் மாட்டுக்கறி சாப்பிடமாட்டார். சுவரைப் பார்த்தபின் தண்ணீர் குடிக்கவும் மறுத்துவிட்டார். வேனில் உட்கார்ந்து தயிர் சாதமும் மாவடுவும் சாப்பிட்டோம்.

ஊருக்கு வெளியே ஒரு பழம்பொருள் வியாபாரி பெரிய கூடாரம் போட்டிருந்தார். நடுவில் ராஜா மாதிரி ஓர் ஓக் மரப் பெட்டி. எட்டுப் பக்கம், மேலிருந்து கீழ் வரை முக்கோண டிராயர்கள், பிடித்துத் திருப்பினால் முழுப் பெட்டியும் சுழல்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் இருக்கிற டேட்டனில், அமெரிக்கன் போல்ட் அண்ட் ஸ்க்ரூ கேஸ் கம்பெனி செய்தது. கார் பட்டறை என்று ஒன்று வருவதற்கு முன்பே ஹார்டுவேர் கடைகளில் இருந்த வகை. அடியில் காப்புரிமை எண் இல்லை, தேதி மட்டும் இருந்தது. 1920களின் பின்பாதி வரை அதுதான் வழக்கம். எண் போட்டிருந்தால் பெட்டி அதற்குப் பிந்தையது என்று ஒரு கணக்கு. விலை 2,200 டாலர். தொட்டுப் பார்க்கக் காசு கேட்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

அதே கூடாரத்தில் இன்னொரு மூலையில் துருப்பிடித்த ஒன்பது டிராயர் இரும்புப் பெட்டி. ‘இண்டஸ்ட்ரியல், 1930கள்’ என்று அட்டை தொங்கியது, 395 டாலர். மச்சான் ஒரு டிராயரை இழுத்தார், மோந்து பார்த்தார், என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"துரு மேல வார்னிஷ் அடிச்சிருக்கான். ஆசிட் ஊத்தி வரவழைச்ச துருங்க இது. முப்பதுல செஞ்ச பெட்டின்னா துரு மூலையிலயும் அடியிலயும்தான புடிக்கணும்? இது தோசைக்கு எண்ணெய் விட்ட மாதிரி எல்லாப் பக்கமும் சமமா இருக்குது."

பின்பக்கம் சுரண்டி எடுத்த ஸ்டிக்கரின் பசை. கொஞ்சம் மிச்சமிருந்த மூலையில் ‘மேட் இன் இந்’ வரை படிக்க முடிந்தது. ஜோத்பூர்ப் பக்கமிருந்து இந்த மாதிரி ‘பழைய’ பெட்டிகள் கன்டெய்னர் கன்டெய்னராக ஏற்றுமதி ஆகின்றன. புதுசு என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. 1930கள் என்று அட்டை மாட்டியதுதான் அயோக்கியத்தனம். மச்சானுக்குக் கோபம் வேறு திசையில்: "வெல்டிங் நல்லாத்தான் பண்ணியிருக்கான். எதுக்குங்க ஆசிட்டை ஊத்திக் கெடுக்கோணும்?"

நான்கு மணிக்கு இடி மழை. பத்து நிமிஷத்தில் வயல் சேறாகி, பார்க்கிங்குக்கு 5 டாலர் கொடுத்த இடத்தில் வேன் புதைந்தது. கேட்காமலேயே ஒரு பையன் டிராக்டரோடு வந்து இழுத்துவிட்டான். நீட்டிய இருபது டாலரை வாங்கவில்லை. டம்டம் மிட்டாய்களை மச்சான் அவனிடம் ஒப்படைத்தார்.

ஆகஸ்ட் 9, சனி: கென்டக்கி

சின்சினாட்டியில் ஒஹாயோ ஆற்றைத் தாண்டியதும் மண் எழுந்து மேடாகிவிடுகிறது. ஆட்களும் மாறுகிறார்கள். ஒஹாயோவில் விலை கேட்டால் விலை சொல்வார்கள். கென்டக்கியில் முதலில் எங்கிருந்து வருகிறீர்கள், சாப்பிட்டாயிற்றா, இந்த வெயிலை என்ன சொல்ல என்று பேசிவிட்டுத்தான் விலைக்கு வருகிறார்கள். மச்சானின் ஆங்கிலம் இங்கே நன்றாக எடுபட்டது. அவர் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை, இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டே பத்து நிமிஷம் பேசினார்கள்.

லாரன்ஸ்பர்க், ஹாரட்ஸ்பர்க், டான்வில். வரிசையாகப் பார்த்தோம், ஒன்றும் பெரிதாக இல்லை. ஏல்-எய்ட் என்று இஞ்சி வாசனையோடு ஒரு பச்சைப் பாட்டில் சோடா குடித்தோம். இந்த மாநிலத்துக்காரர்கள் அதைப் பற்றிப் பேசினால் நிறுத்தமாட்டார்கள். நம்ம ஊர் பன்னீர் சோடாவை மிஞ்சவில்லை என்பது என் தீர்ப்பு. ஒரு சர்ச் வாசலில் பாட்டிமார் மதியச் சாப்பாடு விற்றார்கள்: பின்டோ பீன்ஸ், சோள ரொட்டி, நறுக்கிய வெங்காயம், 7 டாலர். பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்குமா என்று கேட்டேன். "இல்லாமல் எப்படிச் சமைப்பது, ஹனி?" என்று அந்தப் பாட்டி உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். சோள ரொட்டியும் வெங்காயமும் சாப்பிட்டோம்.

லிபர்ட்டி தாண்டி, பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, பெட்ரோல் பம்பு பிடுங்கப்பட்ட ஒரு பழைய கராஜ். ஷட்டரைத் தூக்கி வைத்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அப்பாவின் பட்டறை, இறந்து பல வருஷம் ஆகிவிட்டது, கட்டடத்தை விற்கப்போகிறேன் என்றார். மேசைமேல் கண்ணாடிப் பாத்திரம், தையல் மெஷின், ஃபிஷிங் ராடு. உள்ளே இருட்டில் சுவரோரம் ஆள் உயரத்துக்கு ஒன்று நின்றுகொண்டிருந்தது.

சாம்பல் நிறம், 40 டிராயர், மேல் பாதிக்கு மடக்குக் கதவு. இன்ஜினில் பொறி கிளப்புகிற இக்னிஷன் சாமான்: பாயின்ட், கண்டென்சர், ரோட்டர். கதவின் உள்பக்கம் அட்டை, எந்தக் காருக்கு எந்த டிராயர் என்று பட்டியல். ஹட்சன், நாஷ், பேக்கர்ட், ஸ்டூடிபேக்கர், கைசர். இன்றைக்கு ஒன்றுகூட உற்பத்தியில் இல்லை. பட்டியலில் கடைசி மாடல் 1954.

இந்த இடத்தில்தான் பலர் ‘1954 பெட்டி’ என்று எழுதி விலையைப் போட்டுவிடுகிறார்கள். அட்டையின் ஒரு மூலை உரிந்திருந்தது. அடியில் இன்னொரு அட்டை. அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது அட்டையில் மாடல் வருஷங்கள் 41, 42, அடுத்து நேராக 46. அச்சுப் பிழை இல்லை. 1942 பிப்ரவரியில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியையே நிறுத்தி, தொழிற்சாலைகளைப் போர்த் தளவாடத்துக்குத் திருப்பிவிட்டார்கள். 43, 44, 45 மாடல் கார் என்று ஒன்று சந்தைக்கு வரவே இல்லை. அதற்கும் அடியில் மூன்றாவது அட்டை, எண்ணெய் ஊறிப் பழுப்பேறியது. கீழ் மூலையில் கொசு அளவு எழுத்தில் ஃபார்ம் எண், அதன் வாலில் ‘2-40’. அதாவது 1940 பிப்ரவரியில் அச்சானது. கம்பெனியின் விற்பனை ஆள் வரும்போதெல்லாம் புது அட்டையைப் பழையதன் மேலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஆகவே எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற அந்த 1940 அட்டையை ஒட்டும்போதே பெட்டி இங்கே நின்றிருக்கிறது. பிந்திய எல்லை கிடைத்துவிட்டது. முந்திய எல்லை? டிராயர் பூட்டில் ஒரு காப்புரிமை எண், 20 லட்சத்தைச் சற்றே தாண்டியது. அமெரிக்காவின் 20 லட்சமாவது காப்புரிமை வழங்கப்பட்டது 1935இல், 30 லட்சமாவது 1961இல். (10 லட்சமாவது 1911இல், அதுவும் கார் டயருக்குத்தான்.) ஆக, பெட்டி 1935க்கு முந்தியிருக்க முடியாது, 1940ஐ விட்டு அதிகம் தள்ளிப்போகவும் முடியாது. இதைவிட நெருக்கமாகச் சொன்னால் அது கற்பனை.

மச்சான் தன் பங்குக்குக் கதவின் கீலைப் பார்த்தார். "எல்லாம் ஒத்தக் கோடு ஸ்க்ரூங்க. இந்தக் கைப்பிடியில மட்டும் ஸ்டார் ஸ்க்ரூ, அது பின்னாடி மாத்துனது." ஸ்டார் ஸ்க்ரூவுக்கு ஃபிலிப்ஸ் காப்புரிமை பெற்றது 1936இல். கார் தொழிற்சாலைகளில்தான் அது முதலில் பரவியது. பெட்டி செய்கிறவர்களிடம் வர நாளானது. ஒத்துப்போகிறது. கதவின் அடியில் சின்னத் தகடு: லயன் மெட்டல், அரோரா, இல்லினாய். முகப்பில் இருந்த பெயர் வேறு கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை.

அந்த அம்மாள் நாங்கள் செய்வதை எல்லாம் வேடிக்கை பார்த்தார். அப்பா அட்டையைப் பார்த்ததே இல்லை, கை தானாகப் போகும், நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டிராயர் எண்ணைச் சொல்லி எடுத்து வரச் சொல்வார் என்றார். 275 சொன்னார். 240 கேட்டேன். சரி என்றவர், எழுந்து வந்து கீழ் வரிசையில் ஒரு டிராயரை உருவி மடியில் வைத்துக்கொண்டார். அதன் பக்கவாட்டில் பென்சிலால் ஏதோ கணக்கு, பக்கத்தில் குழந்தை கையெழுத்தில் ஒரு பெயர்.

"இது மட்டும் போகாது. அதற்காக 20 குறைத்துக்கொள்ளுங்கள்."

பெட்டி சேர்ப்பவர்களுக்கு ஒரு டிராயர் இல்லாத பெட்டி என்றால் முகம் சுருங்கும். எனக்கும் சுருங்கியது, மறைப்பானேன். மச்சானுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. "வெச்சுக்கட்டுங்க மாப்பிள்ளை. ஒரு டிராயர்தான? நான் மடிச்சுத் தர்றேன்" என்றார். குறைக்க வேண்டாம் என்று சொல்லி 240ஐயே கொடுத்தோம்.

ஏற்றுவதற்குப் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கட்டுவதற்கு அவர்களே டேப் சுற்றினார்கள், "கலிபோர்னியா வரைக்கும் தாங்கும்" என்றார்கள். ஆறாவது மைலில், ஒரு கொண்டைத் திருப்பத்தில், டேப் பிய்ந்து டிராயர்கள் சரிந்தன. எண்பது வருஷத்துப் பாயின்ட் ஸ்க்ரூக்களும் ஸ்பிரிங்குகளும் ஒரு காய்ந்த குளவிக் கூடும் வேன் முழுக்கக் கொட்டின. சாலையோரம் நிறுத்தி முக்கால் மணி நேரம் பொறுக்கினோம். இன்னும் இருக்கைத் தண்டவாளத்துக்குள் ஏதோ கிடுகிடுக்கிறது.

ரஸல் ஸ்பிரிங்ஸ் வந்ததும் போன் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது. மாவட்ட எல்லையில் நேர மண்டலம் மாறுகிறதாம். பொறுக்கிய நேரம் திரும்பக் கிடைத்தது என்று மச்சானுக்குச் சந்தோஷம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு: ஜேம்ஸ்டவுன், டென்னசி

இந்த விற்பனை தொடங்கியதே இந்த வட்டாரத்தில்தான். பெரிய விரைவுச்சாலைகள் வந்து ஊர் வழியாகப் போகிறவர்கள் குறைந்ததும், அவர்களை இழுக்க 1987இல் ஜேம்ஸ்டவுன் இருக்கிற ஃபென்ட்ரஸ் மாவட்டத்தின் தலைவர் போட்ட திட்டம். இன்றைக்கு மேட்டு நிலம் முழுக்கக் கூடாரம், சாலையில் வண்டிகள் ஊர்கின்றன. ஆனால் இங்கே வியாபாரிகள் அதிகம், கொட்டகைக்காரர்கள் குறைவு. விலையும் அப்படியே.

கண்ணாடிக் கதவு வைத்த ஸ்பார்க் பிளக் பெட்டி ஒன்று, ‘ஆட்டோ-லைட்’. 450 டாலர். டொலிடோவில் இருந்த கம்பெனி. 1961இல் ஃபோர்டு அந்தப் பெயரை வாங்கிய பிறகு நடுவில் இருந்த கோடு போய் ‘ஆட்டோலைட்’ ஆகிவிட்டது. கோடு இருந்தால் அதற்கு முந்தையது. இதில் கோடு இருந்தது, சரிதான். ஆனால் பெட்டி முழுக்கக் கீறலும் எண்ணெய்க் கறையும், எழுத்து மட்டும் நேற்று ஒட்டியது போலப் பளபளப்பு. புது டெக்கால், அதாவது ஒட்டுகிற எழுத்து. இப்போது அச்சடித்து விற்கிறார்கள். வியாபாரியிடம் கேட்டதும் ஒப்புக்கொண்டார், மறைக்கவில்லை. பெட்டி நிஜமாகவே பழையதாக இருக்கலாம், எழுத்து அந்தப் பெட்டிக்கு உரியதா என்று யாருக்கும் தெரியாது. விட்டுவிட்டோம்.

நாளின் நல்ல விஷயம் சாப்பாட்டில் வந்தது. ஒரு பிக்கப் வண்டியின் பின்னால் அண்டா, அதிலிருந்து ஆவி. கிட்டே போனால் வேகவைத்த நிலக்கடலை! தோலோடு, உப்புத் தண்ணீரில். ஒரு கப் 5 டாலர். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு முதல் கடலையை உறிஞ்சினார், அப்புறம் இன்னும் இரண்டு கப் வாங்கினார். "உப்பு தூக்கல், ஆனா கடலை நம்ம கடலைதானுங்" என்றார். விற்றவர் எங்களுக்கு இது தெரியும் என்பதை நம்பவே இல்லை. வடக்கத்தியர்கள் தோலோடு மெல்லுவார்களாம்.

மதியத்துக்கு மேல் விலைகள் சரிந்தன. திரும்ப ஏற்றிப் போவதற்கு இது மேல் என்று பாதி விலை, கால் விலை. அப்போது கிடைத்ததுதான் பித்தளை ஃபிட்டிங் வைக்கிற பன்னிரண்டு டிராயர் பெட்டி. 20 டாலருக்கு, பித்தளையோடு. லேபிளில் ஜிப் கோடு இருந்தது, 1963க்குப் பிந்தையது. எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, மச்சான் விடவில்லை. பித்தளை எடை போட்டே இருபது டாலருக்கு மேல் வரும் என்பது அவர் கணக்கு.

வேன் நிறைந்துவிட்டது. வடக்கே திருப்பினோம்.

ஆகஸ்ட் 16, சனி: வீட்டில்

சுத்தம் செய்யும் வேலை. பட்டறைப் பெட்டிகளில் ஒரு ஆபத்து உண்டு, பலர் கவனிப்பதில்லை. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ், பழைய பெயிண்டில் ஈயம். காற்று அடித்துத் தூசியைப் பறக்கவிடக் கூடாது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். துணியைத் திரும்பப் பயன்படுத்தாமல் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். மச்சான் மாஸ்க்கைப் பார்த்து முதலில் சிரித்தார். தங்கை ஒரு அதட்டல் போட்டதும் மாட்டிக்கொண்டார்.

பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டார். பட்டி பார்த்து, ஸ்ப்ரே பண்ணி, புதுசு மாதிரி. வேண்டாம் என்றேன். அட்டைகளையும் உரிக்கப்போவதில்லை, மூன்றும் அப்படியே இருக்கட்டும். "அப்ப எதுக்குங்க வாங்குனீங்க?" என்றார். உள்ளே என் ஸ்க்ரூக்களைப் போட்டு வைப்பதற்கு என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் டிராயர் வேலை. கடையில் ஒரு துண்டுத் தகடு 25 டாலர் என்று கேட்டதும் கோவையில் அந்தக் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்று பட்டியல் போட்டார். மடிக்கிற மெஷின் கிடையாது. இரண்டு மரக்கட்டைக்கு நடுவில் தகட்டைக் கவ்வி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டியே நாலு பக்கமும் மடித்தார். வெல்டிங்குக்குப் பதில் ரிவெட், ஒவ்வொரு மூலைக்கும் மூன்று. முடித்ததும் அடிப்பக்கம் கவிழ்த்து, ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதினார்: ‘கணபதி, கோவை. 2025’.

"நாளைக்கு எவனாச்சும் இதைப் பார்த்து முப்பத்தஞ்சுன்னு எழுதிடக் கூடாதுங்களே."

உள்ளே தள்ளினால் கடைசி அரை இஞ்சில் நிற்கிறது. இடது பக்கம் ஒரு மயிரிழை தட்டுகிறது. அரம் இருக்கிறதா என்று கேட்டார். புதிதாக வந்தது மட்டுமே 76 டிராயர் இருக்கிறது, ஒன்றிலும் அரம் இல்லை. நாளைக்குப் போய் வாங்க வேண்டும்.